சக்கையும் சாம்பலும்

காகித ஆலைகளைப் பற்றி நம் சிற்றிதழ்ச் சூழலில் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒவ்வொரு புத்தகமும் ஒரு மரத்தின் பிணம் என்பது முதலாவது. இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் தம் அடுத்த தொகுப்பின் முன்னுரையில்தான் இதைச் சொல்கிறார் என்பதை இங்கே விட்டுவிடுவோம். இரண்டாவது பேச்சு சற்றுப் புதியது. காகித ஆலைகள் தம் கழிவை எரித்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன, அது உயிர்த்திரள் மின்சாரம், அதாவது 'பயோமாஸ்', எனவே பசுமையானது, எனவே கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் எந்தத் திட்டத்தை எதிர்ப்பவரும் வளர்ச்சிக்கு எதிரி என்று அது படிப்படியாக ஏறிச் செல்கிறது. முதல் பேச்சால் யாருக்கும் பெரிய தீங்கில்லை. இரண்டாவதன் கடைசிப் படியில் கொடுங்கையூர் நிற்கிறது. ஆகவே அதை அப்படியே கடந்துபோக முடியாது.

நம் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காகிதக் கூழ் ஆலையில் உயிர்த்திரளிலிருந்து மின்சாரம் எடுப்பது மெய்யான, மதிக்கத்தக்க தொழில்நுட்பம். அது மதிக்கத்தக்கதாக இருப்பதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றாத திட்டங்கள் அதன் பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வடசென்னைக்குள் நுழைகின்றன. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் இந்த இரவலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆலைக்குள் நடப்பது

மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதிதான் காகிதத்துக்கு உதவும் நார். மீதியில் பெரும்பங்கு, நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள். மரச் சில்லுகளைக் காரக் கரைசலில் உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைத்தால் லிக்னின் கரைந்து வெளியேறுகிறது. நாரைக் கழுவி எடுத்தபின் எஞ்சும் கரிய நீர்மத்தை ஆலைக்காரர்கள் 'பிளாக் லிக்கர்' என்பார்கள். கருங்கரைசல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆலையிலிருந்து ஆற்றில் விட்டால் ஆற்றைக் கொல்லக்கூடிய நீர்மம் இது.

1930களில் டாம்லின்சன் என்பவர் வடிவமைத்த மீட்புக் கொதிகலன் இந்தக் கதையை மாற்றியது. கருங்கரைசல் கழுவலிலிருந்து வரும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்களவே திடப்பொருள்; மற்றது நீர். நீரை ஆவியாக்கித் திடப்பொருளை அறுபத்தைந்து, எழுபது பங்குக்கு உயர்த்தினால் அது பாகுபோலக் கெட்டிப்பட்டு எரியும் பக்குவம் அடைகிறது. கொதிகலனுக்குள் அதைத் தெளிக்கும்போது லிக்னின் எரிந்து வெப்பம் தருகிறது. அடியில் உருகித் தேங்கும் சோடிய உப்புகளைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், அடுத்த வேகவைப்புக்குரிய காரக் கரைசல் மறுபடி கிடைக்கிறது. மேலே எழும் உயர் அழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் தணிந்து வெளிவரும் அதே நீராவி கூழை வேகவைக்கவும் காகிதத்தை உலர்த்தவும் போகிறது. இதையே இணை மின் உற்பத்தி என்கிறார்கள். மின்சாரம் மட்டும் எடுக்கும் வழக்கமான அனல் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் கடலுக்கும் வானுக்கும் போய்விடுகிறது. கூழ் ஆலையில் அந்த வெப்பத்துக்கு உள்ளேயே வேலை இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதன் எளிய வடிவம் உண்டு. புழலை அடுத்த செங்குன்றத்தின் அரிசி ஆலைகள் உமியை எரித்தே நெல் அவிக்கின்றன. நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அது வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை. நெல்லோடு தானாக வந்துவிடுகிறது. 'உயிர்த்திரள்' என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் செய்துவந்த காரியம் இது. உமிச் சாம்பல் பறந்து பக்கத்து வீட்டுத் துணியில் படிந்தால் சண்டையும் வரும். எரிபொருள் பசுமையானது என்று சொல்லி அந்தச் சண்டையை யாரும் தீர்த்துவிட முடியாது.

இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பின்லாந்தின் ஆனெகோஸ்கி ஆலை சான்று. 2017இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை ஆண்டுக்கு 13 லட்சம் டன் கூழ் உற்பத்தி செய்யும் திறன் கொண்டது. நிலக்கரியோ எண்ணெயோ எரிக்காமல், தனக்குத் தேவையான மின்சாரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அது உற்பத்தி செய்கிறது. இதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

காகிதபுரத்தின் கணக்கு

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் குறிப்பிடப்படுவது புகளூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். 1979இல் மாநில அரசு தொடங்கிய அந்நிறுவனம் 1984இல் உற்பத்திக்கு வந்தது. மரத்தைப் பெரிதும் நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது என்பதே அதன் அடிப்படை எண்ணம். நம் சிற்றிதழ்களில் பலவும் பாடநூல்களும் அந்தச் சக்கையின் மேல்தான் அச்சாகியிருக்கின்றன.

அங்கே பாராட்ட வேண்டியவை பல. சக்கை ஆலைக்கு வந்ததும் காகிதத்துக்கு உதவாத மென்மையான சோற்றுப்பகுதி நாரிலிருந்து பிரிக்கப்படுகிறது. 'பித்' என்று ஆலையில் சொல்லப்படும் அது கொதிகலனில் எரிகிறது. நார் கூழாகிறது. கருங்கரைசல் மீட்புக் கொதிகலனுக்குப் போகிறது. சக்கையைக் கழுவிய நீரில் கரிமப்பொருள் மிகுதி. அதை எரிக்க முடியாது. எனவே காற்றில்லாக் கலனில் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் அமைப்பை 2003இல் நிறுவினார்கள். சுண்ணாம்புச் சூளையில் எரிந்த உலை எண்ணெயின் இடத்தை அந்த வாயு பிடித்தது. பின்னாளில் சுண்ணாம்புக் கசடையும் கொதிகலன் சாம்பலையும் கொண்டு சிமெண்ட் செய்யவும் ஆலை ஒன்று எழுந்தது.

இந்த ஏற்பாடு முழுவதிலும் நாம் கவனிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. எல்லாமே முதலில் பிரிக்கப்படுகின்றன. நாருக்கு ஒரு வழி, சோற்றுக்கு ஒரு வழி, கரைசலுக்கு ஒரு வழி, கழுவுநீருக்கு ஒரு வழி. ஈரமானதை எரிக்க எந்த ஆலைப் பொறியாளரும் முயல்வதில்லை. தான் எரிப்பது எது, அதில் என்ன இருக்கிறது, எரிந்தபின் என்ன எஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். பிரித்தறிதல்தான் இங்கே தொழில்நுட்பம்; எரித்தல் அதற்குப் பிறகு வருவது.

ஆனால் காகிதபுரத்தின் கணக்கில் செலவுப் பத்தியும் உண்டு. சக்கை என்பது சர்க்கரை ஆலையின் எரிபொருள். அதைக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? அதற்கு மாற்றாகக் காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளுக்கு நிலக்கரி கொடுத்தது. காகிதபுரத்தின் சொந்தக் கொதிகலன்களிலும் சக்கைத்தூளோடும் கருங்கரைசலோடும் நிலக்கரி எரிகிறது. மரத்தைக் காப்பாற்றிய ஏட்டின் மறுபக்கத்தில் நிலக்கரி எழுதப்பட்டிருக்கிறது. இதனால் அந்த ஆலை பொய்யாகிவிடாது. 'பசுமை' என்று ஒரே சொல்லில் முத்திரை குத்துவது எவ்வளவு அவசரமான செயல் என்பது மட்டும் இதனால் தெரியும்.

எரிபொருள் கணக்கு சரியாக இருந்தாலும் ஆற்றின் கணக்கு தனியாக நிற்கும் என்பதற்குக் கேரளத்தின் மாவூர் சான்று. சாலியாற்றங்கரையில் 1963இல் உற்பத்தி தொடங்கிய குவாலியர் ரேயான்ஸ் கூழ் ஆலைக்கு மூங்கில் டன் ஒரு ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. அதுவும் உயிர்த்திரள்தான். ஆற்றையும் காற்றையும் காக்க வாழக்காட்டு மக்களைத் திரட்டிப் போராடிய கே. ஏ. ரஹ்மான் 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் ஆலை மூடப்பட்டது. நம் பக்கத்தில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானியை என்ன செய்தது என்பதைக் கோவை, ஈரோடு வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓர் உம்மையின் விலை

பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது, பயன் இருந்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. பெயரில் பணம் இருக்கிறது.

அமெரிக்காவில் மாற்று எரிபொருளை வழக்கமான எரிபொருளோடு கலந்து பயன்படுத்துவோருக்குக் காலனுக்கு 50 சென்ட் சலுகை தரும் சட்டம் இருந்தது. வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். காகித ஆலைகள் அதை 2009இல் கண்டுபிடித்தன. கருங்கரைசலைப் பல பத்தாண்டுகளாக அவை எரித்தே வந்தன. இப்போது அதில் கொஞ்சம் டீசலைக் கலந்தன. கலந்ததும் கருங்கரைசல் சட்டத்தின் கண்ணில் 'மாற்று எரிபொருள் கலவை' ஆயிற்று. இன்டர்நேஷனல் பேப்பர் என்னும் ஒரே நிறுவனம் அவ்வாண்டில் சுமார் 200 கோடி டாலர் பெற்றது. டீசலைக் குறைக்க எழுதப்பட்ட சட்டம், டீசல் இல்லாமல் எரிந்துகொண்டிருந்த கொதிகலனில் டீசலை ஊற்றவைத்தது. அவ்வாண்டு முடிவில் சலுகை காலாவதியானது.

நம் நாட்டிலும் ஒரு சொல்வழக்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 86ஆம் பிரிவு, முதல் உட்பிரிவின் 'இ' கூறு, இணை மின் உற்பத்தியையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து மின் உற்பத்தியையும் ஊக்குவிக்குமாறு ஒழுங்குமுறை ஆணையங்களைப் பணிக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கும் சொல்லின் மேல்தான் வழக்கு நின்றது. ஊக்கம் பெறும் இணை மின் உற்பத்தி புதுப்பிக்கத்தக்க எரிபொருளில்தான் நடக்க வேண்டுமா, அல்லது நிலக்கரி எரித்தாலும் தகுமா? செஞ்சுரி ரேயான் வழக்கில் 2010இல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இரண்டும் தனித்தனி இனங்கள், எரிபொருள் எதுவாயினும் இணை மின் உற்பத்தி ஊக்கத்துக்கு உரியது என்றது. படிம எரிபொருள் இணை மின் நிலையங்களிடமிருந்து வாங்குமாறு மின் வினியோக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே தீர்ப்பாயத்தின் முழு அமர்வு 2013இல் லாயிட்ஸ் மெட்டல்ஸ் வழக்கில் எல்லை வகுத்தது.

உம்மை எட்டு வகைப்படும் என்று தொல்காப்பியம் சொல்வதை வகுப்பில் ஒப்பிக்கும் மாணவர்கள் இதனால் என்ன பயன் என்று கேட்பதுண்டு. எண்ணும்மையை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு நிலக்கரிக் கொதிகலன் ஊக்கத்துக்கு உரியதாகவும் உரியதல்லாததாகவும் மாறக்கூடும் என்பதே பயன். சொற்களைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதைக் கவிதைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

வடசென்னைக்கு வரும் பெயர்

இப்போது நம் ஊருக்கு வருவோம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட். மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு 2024இல் திறக்கப்பட்டது. வல்லூரில் 1,500 மெகாவாட். இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு சாம்பல். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அந்தச் சாம்பல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை எண்ணூர் மீனவர்கள் வலையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

இத்தகைய நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு ஐந்து பங்களவு உயிர்த்திரள் கட்டிகளைக் கலந்து எரிக்க வேண்டும் என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2021இல் கொள்கை வகுத்தது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கப்படுவதைத் தடுப்பது அதன் முதன்மை நோக்கம். அந்த நோக்கத்தோடு நமக்குப் பிணக்கில்லை. நூறு டன்னில் ஐந்து டன் மாறினால் அந்த ஐந்து டன்னுக்குரிய பெருமை அதற்கு உண்டு. மீதித் தொண்ணூற்றைந்து டன்னும் அந்தப் பெருமையின் நிழலில் ஒதுங்குவதைத்தான் மறுக்கிறோம். கூழ் ஆலையில் உயிர்த்திரள் ஆலையின் உடம்பிலிருந்தே வருகிறது; வெப்பம் இருமுறை வேலை செய்கிறது. இங்கே அது தொலைவிலிருந்து லாரியில் வந்து, பாதிக்கும் மேற்பட்ட வெப்பத்தை வீணாக்கும் அதே கொதிகலனில் விழுகிறது.

அடுத்தது கொடுங்கையூர். புழலிலிருந்து மாதவரத்தைத் தாண்டினால் அந்தக் குப்பைமேடு. நகரின் வடபகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கே கொட்டப்படுகிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை அங்கே நிறுவச் சென்னை மாநகராட்சி திட்டமிட்டது. அதை எதிர்த்து வடசென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் 2025 மே மாதம் மனிதச் சங்கிலி நடத்தின. மறுபுறம், குப்பையிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை இந்தியா புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் கணக்கில் சேர்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மின் கட்டணக் கொள்கை, அத்தகைய மின்சாரம் முழுவதையும் வினியோக நிறுவனங்கள் வாங்கியாக வேண்டும் என்றது. பட்டியலில் அது உட்கார்ந்திருப்பது சக்கைக்கும் உமிக்கும் பக்கத்து நாற்காலியில்.

அந்த நாற்காலி அதற்கு உரியதுதானா? நம் நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி ஈரக் கழிவு. வாழையிலை, காய்கறித் தோல், சோறு. அது எரியாது; எரிய வேண்டிய மற்றவற்றின் வெப்பத்தையும் குடித்துவிடும். 1987இல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் உதவியோடு நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்க அமைத்த உலை, வந்த குப்பைக்கு வெப்பமதிப்பு போதாமல் சில வாரங்களிலேயே நின்றுபோனது. எரியச் செய்வதற்கு ஒரே வழி, ஈரத்தைக் குறைத்து நெகிழியின் பங்கைக் கூட்டுவது. நெகிழி பெட்ரோலியத்தின் பிள்ளை. உயிர்த்திரள் என்று பெயர் சூட்டி உலையில் இட்ட பொருளின் வெப்பத்தில் கணிசமான பங்கு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வருகிறது. பி.வி.சி. போன்ற குளோரின் கொண்ட நெகிழி எரியும்போது டயாக்சின்கள் உருவாகும். 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குப்பை எரிஉலைகளை அவற்றின் தோற்றுவாய்களுள் வைத்து எண்ணுகிறது. இந்தியா அதை 2006இல் ஏற்றுக்கொண்டது.

காகிதபுரத்தில் கண்ட ஒழுங்கு இங்கே தலைகீழாகிறது. அங்கே பிரித்தறிந்தபின் எரிப்பு. இங்கே பிரிக்காமல்விட்ட தோல்வியை மறைக்க எரிப்பு. அங்கே கழுவுநீர் நொதிகலனுக்குப் போனது. இங்கே அதே வழியில் எரிவாயுவாகவும் உரமாகவும் மாறியிருக்கக்கூடிய இலையும் சோறும் உலையின் வாசலுக்கு வருகின்றன. அங்கே எரிவது எது என்று தெரியும். இங்கே அன்றன்று லாரியில் வருவதே எரிபொருள்.

எதிர்வாதங்கள்

ஸ்வீடன் எரிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். எரிக்கிறது. வீட்டிலேயே பிரித்து, மறுசுழற்சிக்குப் போனது போக எஞ்சியதை எரிக்கிறது. அந்த வெப்பத்தைக் குழாய்வழி அனுப்பிக் குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்குகிறது. கொடுங்கையூரில் சூடேற்ற வேண்டிய வீடு எது? டெல்லி ஓக்லாவில் 2012 முதல் உலை இயங்குகிறதே என்கிறார்கள். அங்கே குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினர்; 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உலையை இயங்க அனுமதித்தபோதே இழப்பீடும் விதித்தது. முன்மாதிரி என்று காட்ட அது போதாது.

குப்பைமலையை அப்படியே விட்டுவிடச் சொல்கிறீர்களா என்பது நியாயமான கேள்வி. இல்லை. மேட்டிலேயே தீப்பிடித்துப் புகையும் குப்பையும் அதே மக்களின் மூச்சுக்குள்தான் போகிறது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிப்பதும், புதிய ஈரக் கழிவை அந்தந்த மண்டலத்திலேயே நொதிக்கவைப்பதும், உலர் கழிவைப் பொறுக்கி வாழும் தொழிலாளர்களை முறைப்படுத்திக் கூலியும் காப்பும் தருவதும் செய்யக்கூடிய வேலைகள். மெதுவான வேலைகள், நாடா வெட்டித் திறக்க முடியாத வேலைகள். பிறகும் எஞ்சுவதற்கு என்ன செய்வது என்பதை அப்போது பேசலாம். அந்தப் பேச்சிலும் உலை நகரின் எந்தத் திசையில் என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அனல் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, நிலக்கரித் துறைமுகம் என ஏற்கெனவே அனைத்தையும் சுமக்கும் திசைக்கே ஒவ்வொரு முறையும் விடை வருவது தற்செயல் என்று நம்மை நம்பச் சொல்ல வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

உயிர்த்திரள் மின்சாரம் என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்போம். எரிபொருள் அந்தத் தொழிலின் உடம்பிலிருந்தே வந்ததா, வேறு எதற்காவது உதவக்கூடியதைப் பறித்து வந்ததா? வெப்பம் எத்தனை முறை வேலை செய்கிறது? சாம்பலும் புகையும் கழிவுநீரும் எந்த ஊருக்குப் போகின்றன? காகிதபுரம் முதலிரண்டு கேள்விகளில் பெரும்பாலும் தேறும்; நிலக்கரிக்கும் ஆற்றுக்கும் அது தொடர்ந்து பதில் சொல்லியாக வேண்டும். கொடுங்கையூர் உலை முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்விகளை மக்கள் கேட்க முடியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் நம் துறையைச் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுக் கருத்துக்கேட்புக்கு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் தரப்பட்டால் போதும். நூற்றுக்கணக்கான பக்கம் நீளும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 2020இல் வரைவு அறிவிக்கையை அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் கிடைக்கும் சுருக்கங்களோ, படித்தவரையும் திகைக்கவைக்கும் தமிழில் எழுதப்படுகின்றன. எந்த மாசு எவ்வளவு, எந்தப் புகைபோக்கியின் உயரம் என்ன, சாம்பல் எங்கே கொட்டப்படும் என்பதைக் கொடுங்கையூர்க்காரர் ஒருவர் தம் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

லத்தீன் அமெரிக்க நாவல்களைக் கடும் உழைப்போடு தமிழாக்கிய மொழி இது. அத்தகைய உழைப்புள்ளவர்கள் இந்தப் பக்கங்களை வாசிக்கிறார்கள். அடுத்த கருத்துக்கேட்புக்கு முன் ஓர் அறிக்கையின் முக்கிய அத்தியாயங்களையேனும் நாலைந்து பேர் சேர்ந்து, அட்டவணைகளோடு, ஒரு மீனவரும் ஒரு மாணவியும் படிக்கக்கூடிய தமிழில் தர முடியாதா? சுற்றுச்சூழல் சிறப்பிதழ் கொண்டுவரும் இதழ்கள் மரத்தைப் பற்றிய பத்துக் கவிதைகளில் இரண்டைக் குறைத்து அந்த இடத்தை இதற்குத் தரலாம். முன்வருபவர்கள் எழுதுங்கள், வேலையைப் பங்கிட்டுக்கொள்வோம்.